வார்டன் ஒத்துக்கொண்ட நீலம்

பாத்திரம் தேய்க்கிற நாரை வாளித் தண்ணீரில் முக்கி முக்கிச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். கலர் போகிற வழியாயில்லை. புதுப் பெயிண்ட் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்க, அதைச் சுற்றியிருந்த பழைய சுண்ணாம்புதான் கரைந்து முழங்கைவரை வழிந்தது. தேய்க்கத் தேய்க்க அந்தச் சதுரங்கள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன.

ஹாலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நீள பெஞ்சில் அவள் கணவனின் அக்காவைக் கிடத்தியிருந்தது. பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாகச் சேர்ந்து, வார்டனாகவே ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு தம்பி வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்த பிறகும் எல்லாருக்கும் அவள் வார்டன்தான். அவள் வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெருவே சொல்லும். விடிவதற்குள் போய்விட்டாள்.

கணவன் கதவருகே வந்து நின்றான். காலையிலிருந்து போனில் பேசிப் பேசி அவன் குரல் கம்மியிருந்தது.

"இங்க என்ன பண்றே? வந்தவங்க எல்லாம் உன்னைக் கேக்கறாங்க."

"டீச்சர் எங்க வந்துட்டிருக்கா?"

டீச்சர் என்பது அவன் தங்கை. பள்ளிக்கூட டீச்சர், வெளியூரில் குடித்தனம்.

"பஸ்ஸை விட்டு இறங்கிட்டாளாம். ஆட்டோ பிடிச்சு வர்றா."

"ஐயோ," என்று அவள் நாரைக் கீழே போட்டாள். "இதைப் பார்த்தா என்ன நினைப்பா?"

அவன் சுவரைப் பார்த்தான். காலியான கட்டிலுக்கு நேர் எதிரே வெள்ளை, ரோஸ், பச்சை, ஊதா, மஞ்சள், நீலம் என்று வரிசையாகச் சதுரங்கள்.

"அக்கா கேட்டுத்தானே போட்டோம்?"

"அதை நீங்களே போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க. உசுரோட இருக்கும்போதே அவ ரூமுக்குக் கலர் பார்த்தாங்கன்னுதான் பேசுவாங்க. உங்க தங்கச்சி கொண்டாடிடுவா."

அவனுக்கு வாதாடத் தெம்பில்லை. இருவரும் சேர்ந்து பீரோவைத் தள்ளினார்கள். பாழாய்ப்போன பீரோ கிறீச்சென்று ஊரைக் கூட்டியது. எல்லாச் சதுரமும் மறைந்தது, கடைசி நீலத்தைத் தவிர. அதற்கு மேல் தள்ள ஜன்னல் இடம் விடவில்லை.

ஆரம்பித்தது வார்டன்தான், சத்தியமாக. வீடு முழுக்கப் பெயிண்ட் அடிப்பதென்று முடிவாகி, கலர் கார்டு கைக்குக் கை மாறியது. ஹாலுக்கு ஆயிற்று, சமையலறைக்கு ஆயிற்று. ஆஸ்பத்திரி வேண்டாமென்று வீட்டுக்கே வந்துவிட்ட வார்டன் கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ரூமுக்கு மட்டும் யாரும் வாயைத் திறக்கலையே. நான் காலி பண்ணினப்புறம் பேசிக்கலாம்னு இருக்கீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா," என்று அவள் மென்று விழுங்கினாள்.

"அப்ப எந்தக் கலர்? எனக்கு எதிரே போட்டுக் காட்டு. நான் பார்க்காத கலர் என் ரூம்ல ஏறக்கூடாது."

மகளுக்கு அந்த அறை வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை என்றால் அது பச்சைப் பொய். வளர்ந்த பெண் இன்னும் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறாளே என்ற உறுத்தல் இருந்தது. ஆனால் அறையை நினைப்பது வேறு, ஆள் போகட்டும் என்று காத்திருப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன தலையெழுத்து?

பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை முடிந்து வரும்போது ஒரு சின்ன டப்பா சாம்பிள் பெயிண்ட் வாங்கி வருவாள். முகம் கழுவிய கையோடு பிரஷ்ஷை எடுப்பாள். வார்டன் தலையணையை முதுகுக்கு வைக்கச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு அந்தக் கலரைக் கிழிகிழி என்று கிழிப்பாள். மருந்து கொண்டுவராத தெம்பை அந்தச் சண்டை கொண்டுவந்தது. பெயிண்டர் ஒரு பக்கம், வேறு வேலைக்குப் போக வேண்டும், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று குடைந்துகொண்டே இருந்தான். நேற்றுச் சாயங்காலம் நீலம் போட்டாள். வார்டன் ஒத்துக்கொண்டாள். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று காலையிலிருந்து அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. டீச்சர் வந்த வேகத்தில் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் எழுந்து நேரே பின்னறைக்கு வந்தாள். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"பீரோ ஏன் இங்க வந்தது, அண்ணி?"

"சும்மாதான். இடம் பத்தலை."

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த அவளுடைய போன் அடித்தது. அணைக்கப்போன ஈர விரல் எதையோ தட்ட, பெயிண்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், பின் ரூமுக்கு நேத்து சொன்ன நீலமே பைனல்தானே? கடைல நிக்கறேன்."

அவள் போனை அணைத்தாள். டீச்சர் நீலச் சதுரத்தைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே பீரோவைப் பிடித்து இழுத்தாள். ஆத்திரத்தில் அது எப்படித்தான் நகர்ந்ததோ.

"அவ மூச்சு அடங்கறதுக்குள்ள கலர் பார்த்துட்டீங்க, இல்ல?"

"அவங்கதான் கேட்டாங்க. என் பொண்ணுமேல சத்தியமா அவங்கதான் போடச் சொன்னாங்க."

"யாருகிட்ட கதை விடறீங்க? எங்கக்கா உங்களைக் கூப்பிட்டு, நான் சாகப்போறேன், கலர் போடுன்னு சொன்னா?"

"அப்படியேதான் சொன்னாங்க." அவள் சண்டை போடத் தெரியாததால் வெள்ளைச் சதுரத்தைக் காட்டினாள். "இதைப் போட்டதும், ஆஸ்பத்திரிலேருந்து ஓடி வந்தவளுக்கு மறுபடி ஆஸ்பத்திரியான்னாங்க."

டீச்சரின் கை பீரோவிலிருந்து இறங்கியது. அக்காவின் அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அதை யாரும் இட்டுக்கட்ட முடியாது.

"இதுக்கு?" என்று ரோஸைத் தொட்டாள்.

"ஈறு மாதிரி இருக்கு, உன் கிளினிக்குக்கு அடிச்சுக்கோன்னாங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாலில் இருப்பவர்களுக்கு அது அழுகையாகத்தான் கேட்டிருக்கும். பாதி அதுவும்தான்.

"இந்தப் பச்சை?"

"ஹாஸ்டல் கக்கூஸ் கதவு."

"ஆமா, அதே பச்சை. லீவுக்குப் போய் அவகூடத் தங்கினப்ப பார்த்திருக்கேன். இது?"

"இந்த ஊதாவைப் பார்த்துக்கிட்டே செத்தா பேயாத்தான் வருவேன்னாங்க. மஞ்சளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கிட்டு, முதல்ல லைட்டை அணைன்னாங்க."

இப்போது இருவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அவள் கையைப் பிடித்திருந்தாள். நம்பிவிட்டாள். காலையிலிருந்து அவள் வேண்டியதெல்லாம் இதற்குத்தான். ஆனாலும் அவள் கால் தரையில் ஆடிக்கொண்டே இருந்தது.

டீச்சர் எழுந்து போய் நீலத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இதுக்கு என்ன சொன்னா?"

"இதைத்தான் ஒத்துக்கிட்டாங்க."

"அதான் கேக்கறேன். என்ன சொல்லி ஒத்துக்கிட்டா? லேசுல ஒத்துக்கற ஆளா அவ?"

அவள் வாயைத் திறந்தாள். நேற்று பிரஷ்ஷோடு ஒதுங்கி நின்று, இது எப்படிக்கா என்று கேட்டாள். வார்டனின் கண் சுவர்மேல்தான் இருந்தது. திட்டு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அப்பாடா, ஒத்துக்கொண்டாள் என்று பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் பெயிண்டருக்குப் போன் பண்ண ஓடினாள். பேசி முடித்து, சமைத்து, சாப்பாடு கொண்டுவந்தபோது வார்டன் கண்ணை மூடியிருந்தாள். அசதியில் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று தட்டை மூடி வைத்தாள். விடிந்து பார்த்தபோது தட்டும் மூடியபடி, வார்டனும் படுத்தபடி.

"ஒண்ணும் சொல்லலை," என்றாள்.

டீச்சர் திரும்பவில்லை. விரல் நீலத்தின்மேலேயே இருந்தது. வெளியே மயானத்துக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. அது பின்பக்கமாக வாசலுக்கு வருவதற்கு யாரோ கையால் தட்டித் தட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம் வரலாம்."