வீரபாகு மாமாவுக்கு ஏர்லாக்

1

இந்தக் கதையை நான் உக்காந்து யோசிக்கலைங்க. எங்கக்கா ஃபோன்ல அழுதா. அழுகைக்கு நடுவுல, "மாத்திரையை இடிச்சுப் பாலுல கரைச்சுக் குடிச்சுட்டாருடா சாமி"ன்னா. அக்காவுக்கு ஆறுதல் சொல்றதை உட்டுட்டு, நல்ல வரியா இருக்குதேன்னு நெனச்சேன். கதை அங்க ஆரம்பிச்சுது.

நான் இருக்கறது சத்தீஸ்கர்ல, போர்வெல் வண்டிக்குக் காவலா. கம்ப்ரசர் ரிப்பேரு. கூட இருக்கறவங்கெல்லாம் சாமான் வாங்க ராய்ப்பூர் போயிட்டாங்க. பக்கத்துல தமிழ் பேச ஆளில்லை. அதான் உங்ககிட்டச் சொல்றேன்.

முதல் தொடக்கம்: "நாமக்கல் மலைக்கோட்டையின் மீது பொன்னிறக் கதிரவன்..." (வேண்டாம். கக்கூஸ் கதைக்கு எதுக்குக் கதிரவன்?)

ரெண்டாவது: "மலமிளக்கி உட்கொள்வோரின் கனிவான கவனத்திற்கு..." (இது ஆஸ்பத்திரிச் செவுத்துல ஒட்டறது.)

மூணாவது: "முட்டை லாரி டிரைவர் வீரபாகுவுக்கு ரொம்ப நாளா வர..."

அப்படியே நிறுத்திக்கறேன். என்ன வரலைன்னு உங்களுக்கே தெரியும்.

2

வீரபாகு எங்கக்கா தமிழ்ச்செல்வியோட ஊட்டுக்காரரு. எனக்கு மாமா. (ரெண்டும் நான் வெச்ச பேரு. நெசப் பேரைப் போட்டா மாமா லாரியைத் திருப்பிக்கிட்டு சத்தீஸ்கருக்கே வந்துருவாரு.)

நாமக்கல்லுல முட்டை ஏத்திக் கேரளாவுல எறக்கறாரு. வழியில எறங்கற வேலை இருக்கக்கூடாதுன்னு தண்ணியே குடிக்கமாட்டாரு. பரோட்டா, ஆம்லேட், டீ, மறுக்கா பரோட்டா. கொடலும் எவ்வளவு நாளைக்குத்தான் பொறுக்கும்?

அக்கா மருந்துக்கடை சித்ராகிட்ட மாத்திரை வாங்கியாந்தா. டாக்டர் சீட்டு இல்லாம கெடைக்கறதுதான். ஆனா சித்ரா சும்மா குடுக்கலை. படுக்கப்போறப்ப ஒண்ணு, தண்ணி ஊத்தி முழுசா முழுங்கோணும். உடைக்கக்கூடாது, பாலு கூடாது. நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டா நடுவுல ஒரு மணி நேரமாச்சும் உடோணும். போட்ட உடனே வேலை செய்யாது, விடியற வரைக்கும் பொறுக்கோணும், அதுக்குள்ள இன்னொண்ணு போடக்கூடாது. தண்ணி நெறையக் குடிக்கோணும். வாரம் தாண்டியும் மாத்திரை இல்லாம முடியலைன்னா டாக்டரைப் பாக்கோணும். இத்தனையும் சொல்லித்தான் குடுத்துச்சு.

மாமா காதுல விழுந்தது "படுக்கப்போறப்ப" மட்டும். படுக்கப்போறப்ப அவரு பாலு குடிப்பாரு. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டாரு.

[கீழ போடவேண்டிய குறிப்பை இங்கயே போடறேன்: மாத்திரை மேல இருக்கற பூச்சு கொடல்ல போய்த்தான் கரையோணும். இடிச்சாலும் பால்ல போட்டாலும் முன்னாடியே கரைஞ்சு வயித்தைப் பெசைஞ்சுரும். சித்ரா எங்கக்காகிட்டச் சொன்னது, அக்கா எங்கிட்டச் சொன்னது.]

3

இந்த மாமாவை என்னால ஒரு கதாபாத்திரமா நம்ப முடியலை. இவ்வளவு புடிவாதம் கதையில எடுபடுமா? அதனால அக்கா சொன்னதை அப்படியே எழுதறேன். விடிஞ்சாச்சு. ஒண்ணும் போகலை. மாமா கையில மாத்திரை அட்டை.

"ஏனுங்க, மறுக்கா எதுக்கு அதை எடுக்கறீங்க?"

"ஏர்லாக் ஆயிருக்குது புள்ள. டீசல் லைன்ல காத்து நின்னா பம்பை அடிச்சுக்கிட்டே இருக்கோணும். உட்டா மறுக்கா புடிச்சுக்கும்."

"உங்க வயிறு என்ன லாரியா?"

"லாரின்னா இந்நேரம் ஸ்டார்ட் ஆயிருக்கும்."

"வயிறு வலிக்குதுங்கறீங்க, வாந்தி வேற எடுத்தீங்க. அப்படி இருந்தா மாத்திரையே தொடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும்னு சித்ரா சொல்லிச்சு."

"லோடு நிக்குது. கோழி எனக்காக முட்டை போடாம இருக்குமா? உந்தம்பிதான் கதையெல்லாம் எழுதறானே, அவனைக் கேளு. அவன் சொன்னா உடறேன்."

அதுக்குத்தான் அக்கா கூப்பிட்டா. பள்ளிக்கூடத்தைப் பாதியில உட்டவன் நான். என் கதையை மாமா ஒண்ணுகூடப் படிச்சதில்லை. ஆனா எம்பேச்சுக்குக் காத்துக்கிட்டு வலியோட உக்காந்திருக்காரு.

கதையில நான் என்ன வேணாலும் செய்யலாங்க. அட்டையைக் காத்துல பறக்க உடலாம். ஃபோன்ல என்ன செய்யறது? மாமாகிட்டக் குடுக்கச் சொன்னேன்.

"மாமா, ஏர்லாக்னா பம்பு அடிக்கலாம். லைனே மடங்கிக் கெடந்தா?"

"அடிச்சா எங்கயாச்சும் பிச்சுக்கும்."

"உள்ள எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"கழட்ட வேண்டாம். டாக்டர் கையை வெச்சுப் பாத்தாப் போதும்."

"டேய் மாப்ளே, வயித்தைப் பத்தி இதுக்கு மேல பேசுனா..." அதோட ஃபோன் கட்டாயிருச்சு. அவரு கட் பண்ணுனாரா, டவர் போச்சான்னு தெரியலை.

4

இதை எழுதிக்கிட்டு இருக்கறப்ப அக்காகிட்ட இருந்து ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் வந்துச்சு.

"போயாச்சு."

கூப்பிட்டுப் பாத்தேன், எடுக்கலை. நம்ம பேச்சுல இந்த வார்த்தைக்கு எத்தனை முடிவு இருக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

முடிவு ஒண்ணு: வயிறு போயாச்சு. மாமா கக்கூஸ்ல இருந்து மொகமெல்லாம் சிரிப்பா வாராரு.

முடிவு ரெண்டு: ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. டாக்டர் வயித்தை அமுக்கறாரு, மாமா கெட்ட வார்த்தையை முழுங்கறாரு.

முடிவு மூணு: லோடெடுத்துக்கிட்டுக் கேரளாவுக்குப் போயாச்சு. அட்டை சட்டைப் பையில.

நாலாவது ஒண்ணும் இருக்குதுங்க. அதை எழுத மாட்டேன். எழுத ஆரம்பிச்ச வரியையும் அழிச்சுட்டேன்.

நீங்க ஒண்ணை எடுத்துக்கங்க. ஒண்ணோ ரெண்டோ எடுங்க. மூணு வேண்டாம், எங்கக்கா பாவம். நான் எதை எடுத்தேன்னு கேக்காதீங்க, நான் மறுக்கா ஃபோன் அடிச்சுக்கிட்டு இருக்கேன். ரிங் போகுது.