கல்வெட்டின் கடைசிப் பக்கம்

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம் கொண்ட சிறு புத்தகம். வருகிறவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் வாமதேவன் அண்ணையின் அச்சகத்தில் எல்லாம் தயார். கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றச் சொன்னேன்.

என் மனைவி சுபாங்கியின் ஆய்வு ஹேமாத்ரியைப் பற்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர்களின் அமைச்சர். சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய கோயில்களுக்கு அவர் பெயர்தான். மராத்தியை வேகமாக எழுதும் மோடி எழுத்தையும் அவரே கொண்டுவந்தார் என்பார்கள். அது எவ்வளவு உண்மை என்று எழுதிக்கொண்டிருந்தாள். நூற்றிருபதாம் பக்கத்தில் நிற்கிறது.

எப்போதிலிருந்து இந்தக் கட்டி இருக்கிறது என்று ஆனியில் மருத்துவர் கேட்டார். போன கிழமை, ஏழெட்டு நாள்தான் என்றாள். ஐப்பசியில் இறந்தாள்.

அவள் குறிப்பேட்டில் ஒரு பக்கம் மோடியில் இருந்தது. பழைய ஆவணம் எதையோ பார்த்து எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். அதைக் கடைசிப் பக்கத்தில் போடக் கொடுத்தேன்.

"உதென்ன, கொடியிலை உடுப்புக் காயுது?" என்றார் அண்ணை. எழுத்துகள் மேல்கோட்டில் தொங்கின.

"கடைசிப் பக்கத்திலை தேவாரம்தான் போடுறது, தம்பி" என்றார் மாமி, சுபாங்கியின் அம்மா.

அவள் கையால் எழுதியது ஒன்றாவது இருக்கட்டும் என்றேன். முந்நூறு பிரதி.

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் முப்பத்தோராம் நாள் சாப்பாடு. அவளோடு ஆய்வு செய்த ஆரெலி அன்று காலைதான் மகாராஷ்டிரத்திலிருந்து திரும்பியிருந்தாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்து, இது மராத்தி இல்லையே என்றாள். எழுத்தின் ஒலியை மட்டும் வாசிக்க முடியுமாம், பொருள் தெரியாதாம். வாசிக்கச் சொன்னேன். தடுக்கித் தடுக்கி வாசித்தாள். தமிழ்.

"நெஞ்சிலை கட்டி. மார்கழியிலை இருந்து தெரியும். இவருக்குச் சொன்னா படிப்பை விடச் சொல்லுவார்."

இன்னும் ஒன்பது வரி இருந்தது. போதும் என்றேன்.

விடத்தான் சொல்லியிருப்பேன்.

சோற்றுக் கரண்டியோடு மாமி வந்தார். "என்ன எழுதிக் கிடக்காம்?"

"தேவாரம், மாமி."

அவர் கல்வெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புறநகர் கூசேன்வில்லுக்குத் திரும்புகிறவர்கள், வர முடியாதவர்களுக்கு என்று இரண்டு மூன்று பிரதி அதிகம் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.