ஒன்றும் நடக்காத கடல்

ஞாயிறு காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் கடல். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனபோதும் அதே கடல், அதே கப்பல், முன்னால் வானம் தொடுகிற அதே வெறும் கோடு. என் மனைவி பத்மாதேவியின் தம்பி விவேகானந்தன் கதிரையில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இதற்குப் பெயர் விளையாட்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனைக் கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய், ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். கனடா விசா வரும்வரை அவனைப் பத்திரமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு. பொழுது போகட்டும் என்று முதலில் ஒரு சுடுகிற விளையாட்டை வாங்கிக் கொடுத்த கெட்டிக்காரன் நான்தான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு விளையாடு என்றால், கதவு தட்டுவது கேட்காது என்று பயந்தான். மறுநாளே கீழே குடியிருக்கும் சிங்கள வீட்டுக்கார மாத்தயா மேலே ஏறி வந்தார். நல்ல மனுசன். தலையைச் சொறிந்துகொண்டு, ஏதோ வெடிச்சத்தம் கேட்கிறதே என்று விசாரித்தார். தமிழர் வீட்டு மாடியில் துவக்குச் சத்தம், அதுவும் யுத்தம் உச்சத்திலிருந்த 2008 இல்! கம்ப்யூட்டரைக் காட்டினோம். சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அன்று எங்கள் மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை.

அக்குறணையில் சீடிக் கடை வைத்திருக்கும் மக்கீனிடம் போய், சத்தமில்லாத ஒன்று வேண்டும் என்றேன். தேடி எடுத்துத் தந்துவிட்டு, "சேர், இது சத்தமே போடாது. ஆனா கரைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தாடி நரைச்சிரும்" என்றார். சரக்குக் கப்பலை ஓட்ட வேண்டும். நிஜக் கப்பலுக்கு எவ்வளவு நேரமோ, இதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. கொள்ளைக்காரன் இல்லை, புயல்கூட இல்லை. இதில் என்னடா இருக்கிறது என்று விவேகானந்தனிடம் கேட்டேன்.

"இதிலை ஒண்டும் நடவாது, அத்தான்" என்றான், பெருமையாக. அடிக்காத குறையாக எழுந்து வந்தேன்.

அந்த ஞாயிறு பின்னேரம்தான் பொலிஸிலிருந்து கூப்பிட்டார்கள். குடியிருப்புப் பதிவில் அவனைப் பற்றிச் சின்னச் சந்தேகமாம், வந்து சொல்லிவிட்டுப் போகட்டுமாம். நான் சட்டையை எடுத்தேன். பத்மாதேவி தடுத்தாள். இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து போனால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார்கள், பெண் போனால் கொஞ்சம் தயங்குவார்கள் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சட்டையைத் திரும்ப ஆணியில் கொழுவினேன்.

அக்காவோடு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். "அத்தான், கப்பலைத் துறைமுகத்திலை கட்டாமல் கேமைச் சேவ் பண்ணேலாது. இடைக்கிடை சுக்கானை நேராக்கினாக் காணும். கட்டுறதுக்கு நான் வந்திடுவன்."

பொலிஸுக்குப் போகிறவனுக்குக் கப்பல் கவலை! பேசாமல் அணைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை போகவில்லை. கடலைப் பார்த்தேன். கொட்டாவி விட்டேன். எழுந்து யன்னலால் தெருவைப் பார்த்தேன், மழை மட்டும்தான். திரும்பி வந்தால் கப்பல் கொஞ்சம் இடப்பக்கம் விலகியிருந்தது, நேராக்கினேன். சனியன் பிடித்த கடல். வேகமாக விட்டுப் பார்த்தேன், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு நேரம் அப்படி எரிச்சல்பட்டேனோ தெரியாது, பிறகு எரிச்சலுக்கே அலுத்துவிட்டது. தண்ணீர் முழுக்க ஒரே நிறமில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மேகம் வந்தால் கறுத்தது, விலகினால் மெல்ல வெளுத்தது. கால்களை நீட்டிக்கொண்டேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அடையாள அட்டை வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளை பகல் முழுக்க இங்கே வந்து இருந்தது இதற்குத்தானா என்று நினைத்தேன்.

தொலைபேசி அடித்தது. பத்மாதேவி மெதுவாகப் பேசினாள்.

"கேள்வியெல்லாம் முடிஞ்சுது. பொலிஸ் பெரியவர் வந்துதான் விடோணுமாம். தம்பியை உள்ளை இருத்தியிருக்கினம். நான் வெளியிலை மர வாங்கிலை இருக்கிறன்."

பெரியவர் எப்போது வருவார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

வந்து உட்கார்ந்தபோது கோட்டின்மேல் சின்னதாக விளக்குகள் தெரிந்தன. துறைமுகம். கட்ட வருகிறேன் என்றவன் இன்னும் வரவில்லை. வேகத்தைக் குறைத்தேன். அப்படியும் அது கிட்ட வந்துகொண்டேயிருந்தது. இன்னும் குறைத்தேன். பிறகு சுக்கானைப் பிடித்து ஒரே பக்கமாகத் திருப்பினேன். விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரையின் ஓரத்தால் போய் மறைந்தன. முன்னால் மறுபடியும் வெறும் தண்ணீர்.