முகம் கீழே இருக்கட்டும்

...முகம் கீழே இருக்கவேண்டும், முகம் கீழே, என்று ரஹீம் போனில் மூன்று தரம் சொல்லிவிட்டான், பதினொரு வருசமாக ஃபாரஸ்ட் கேட் ரயில் வளைவுக்கடியில் பாரசீகக் கம்பளம் கழுவுகிற தேவராசாவுக்கு ஒரு கம்பளத்தின் முகம் எது முதுகு எது என்று தெரியாதாம், முதலாளி என்றால் வாய் சும்மா இருக்காதுதானே... ரஹீம் தப்ரீஸ்காரன், பனியைக் கண்டதும் ஊர்க்குணம் வந்துவிட்டது, குட்மேய்ஸ் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டு கட்டளை போடுகிறான், இப்படிக் காய்ந்த பனி லண்டனில் இனி எப்போது விழும், அந்தப் பெரிய சிவப்பைப் பின்வளவுக்குக் கொண்டுபோ, பனியின்மேல் குப்புறப் போட்டு முதுகில் அடி, உள்ளே இருக்கிற தூசியெல்லாம் பனியில் இறங்கும், எங்கள் ஊரில் அப்படித்தான், ஆனால் பனி இளகுமுன் தூக்கிவிடு, ஓரத்தில் யாரோ பிற்பாடு வைத்துத் தைத்த சிவப்பு நல்ல சாயமில்லை, ஈரம் பட்டால் அழும். அழட்டும். அழுவதற்கு இன்றைக்கு வேறு ஆளும் வருகிறார். காலையில் கனகாம்பிகை அக்கா போன் எடுத்தார், ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லிப் போன சனிக்கிழமை ஊர்வலத்தில் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை, பஸ் ஓடாவிட்டாலும் நடந்து வருகிறாராம், ஒரு விசயம் கேட்கவேண்டுமாம், ஓம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதுமாம். என்ன விசயம் என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. பதினேழு வருசமாக அவர்களுக்கிடையில் கிடக்கிற விசயம் ஒன்றேயொன்றுதான், அவருடைய புருசன் பாலேந்திரா உயிரோடு இருக்கிறாரா இல்லையா.

தடியை ஓங்கி அடித்தான். முதல் அடி ரஹீமுக்கு, சும்மா ஒரு பேச்சுக்கு. இரண்டாவது அடி அந்த லொறிக்காரனுக்கு, மூன்றாவதும் அவனுக்கே, அவன் பல் உதிரட்டும், நான்காவது யாருக்கு என்று தெரியாமலே விழுந்தது, ஐந்தாவது விழுந்தபோது, ஏன் இருமினாய், ஏன் இருமினாய் என்று உள்ளே யாரோ கேட்டார்கள்... வலக்கை விண்ணென்று வலித்தது. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கைச் சதையில் பிறை மாதிரி ஒரு தழும்பு, குளிரில் தடியை இறுக்கிப் பிடித்தால் அது மட்டும் வெளிறிக் கிளம்பும். அவன் குடியிருக்கிற ஈஸ்ட் ஹாமில் கேட்காத ஆளில்லை, கை என்னடாப்பா, நாய் கடிச்சதோ. கம்பளக் கொக்கி இழுத்தது என்பான். பெண்டாட்டி ஜெகதீஸ்வரிக்கும் அதே கொக்கி, டாக்குத்தருக்கும் அதே கொக்கி, கோயிலில் திருநீறு தருகிற ஐயருக்கும் அதே கொக்கி. கம்பள வேலைக்கு வருமுன்பே தழும்பு இருந்ததென்று நினைத்துப் பார்க்க யாருக்கு நேரம். அடி. தூசி கிளம்பவில்லை, எல்லாம் கீழேதான் இறங்குகிறது, ரஹீம் சொன்னது சரி, அடித்தவனுக்கு ஒன்றும் தெரியாது, தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பாலண்ணைக்குத்தான் கம்பளத்தில் பைத்தியம். தபால் கந்தோரில் முத்திரை குத்தின மனிதனுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆசை, வெளிநாடு போகவென்று இருவருமாக வெளிக்கிட்டு, கராச்சியிலிருந்து ஸாஹிதானுக்கு வந்து, அங்கிருந்து தெஹ்ரான்வரைக்கும் மார்கழிக் குளிரில் பஸ் பஸ்ஸாக மாறி, ஜன்னலின் உட்பக்கத்திலேயே பனி படர்ந்து, கால் எங்கே முடிகிறது சப்பாத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வந்த பயணத்தில், ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் வாங்குப் பலகையில் விரித்திருந்த கம்பளத்தின் மூலையைப் புரட்டி முடிச்சுக்களை எண்ணுவார். ஒரு விரல் அகலத்துக்கு இத்தனை முடிச்சடா, இவ்வளவு முடிச்சும் ஒரு பெண்ணின் கையாலடா என்பார். கடைக்காரன் முறைப்பான். அங்கே சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டுதான் தேநீரை உறிஞ்ச வேண்டும், அவருக்கு முன்பல் ஒன்று இல்லை, பள்ளிக்கூடத்தில் கிரிக்கெற் பந்து பட்டுப் போனது, சீனிக்கட்டி அந்த ஓட்டையால் வழுக்கி வழுக்கிக் கோப்பைக்குள் விழும், இருவரும் வயிறு நோகச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடியும். தெஹ்ரானில் பிடித்த இருமல். அப்போதே ஒரு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கலாமே... ஏன் கொடுக்கவில்லை? பாஷை தெரியாது என்றா? இருமிக் காட்டினால் யாருக்கும் விளங்காதா?

அடி, அடி. லொறிக்காரன் தப்ரீஸில் ஏற்றும்போதே கழுத்தில் விரலால் கோடு கிழித்துக் காட்டினான், அதற்குப் பாஷை தேவையில்லை. தார்ப்பாயில் மூன்று ஓட்டைகளையும் தொட்டுக் காட்டினான், எல்லையில் சத்தம் கேட்டால் சுடுவார்கள், போன கிழமை சுட்ட ஓட்டைகள் இவை. சுருட்டிய கம்பளங்களுக்கு நடுவே ஒரு பொந்து, அதில் இரண்டு பேர் முகத்துக்கு முகம், ஈர ஆட்டுமயிர் வாடை, அவருடைய மூச்சு இவனுக்கு, இவனுடைய மூச்சு அவருக்கு. நாளைக்குத் தைப்பூசமடா, என்றார் பாலண்ணை, காவடி எடுக்கவேண்டிய ஆக்கள் கம்பளத்துக்குள்ள கிடக்கிறம். விடியப்போகிற நேரம் லொறி நின்றது. பனியில் சப்பாத்துச் சத்தம், நாலு பேராவது இருக்கும். பிறகு கம்பி. ஆளுயர இரும்புக் கம்பியைக் கம்பளங்களுக்கு இடையே விட்டு விட்டு இழுத்தார்கள், ஒன்று இவன் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆட்டுமயிரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது, அப்போதுதான் பாலண்ணையின் நெஞ்சு கிளம்பியது, இருமல் வருகிறது, வருகிறது, இவன் கை போய் வாயைப் பொத்தியது. கை போனதா, இவன் கொண்டுபோனானா? மூக்கையும் சேர்த்துப் பொத்தினான். அவர் கடித்தார், எலும்புவரைக்கும் கடித்தார், இவன் முழங்காலை அவர் நெஞ்சில் ஊன்றினான், அவர் உதைத்தார், கம்பளம் அத்தனை சத்தத்தையும் விழுங்கிக்கொண்டது, இவனுடைய இரத்தம் அவருடைய வாய்க்குள் போனது சூடாக. வெளியே யாரோ பகிடி சொன்னான். சிரித்தார்கள். சிகரெட் புகை வந்தது. லொறி வெளிக்கிட்டதும் கையை எடுத்தேன், எடுத்தபிறகுதான் தெரிந்தது, என்று பதினேழு வருசமாகத் தனக்குத்தானே சொல்லி வைத்திருக்கிறான், அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, தெரியாமல் செய்தது என்று... ஆனால் கடி எப்போது தளர்ந்தது? தடி பாதியில் நின்றது. சிகரெட் புகை வருமுன்பே பல் தளர்ந்துவிட்டதே. கை நோகாமல் கிடந்ததே. பகிடியைச் சிரித்து முடித்தார்கள், புகைத்து முடித்தார்கள், அவ்வளவு நேரமும் கடிக்காத ஒரு வாயையல்லவா பொத்திக்கொண்டு கிடந்தான். தெரியாதா? தெரியாதா உனக்கு?

தெரியாவிட்டால் ஏன் இப்படி அடிக்கிறாய். தடி முறியட்டும் என்று அடித்தான், ஓரத்தில் அடித்தான், நடுவில் அடித்தான், தோள்மூட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. லொறிக்காரன் திறந்து பார்த்துவிட்டு ஜாக்கிக் கம்பியால் இவன் முதுகில் நாலு போட்டான், வாங்கிக்கொண்டான், இன்னும் போட்டிருக்கலாம். இருவருமாகக் காலில் ஒருவர் தலையில் ஒருவராகத் தூக்கிப் பாதையோரப் பனியில் போட்டார்கள், மேற்கே மலைக்குமேல் பூரணச் சந்திரன் இன்னும் விழாமல் நின்றது, அந்த வெளிச்சத்தில் பாலண்ணையின் வாயைச் சுற்றி இரத்தம், அவருடையதல்ல, இவனுடையது. பார்க்க முடியவில்லை. புரட்டிவிட்டான், முகம் கீழே. பிறகு குனிந்து அவருடைய சப்பாத்தைக் கழற்றினான். இவனுடையது கன்வஸ் துணி, அது போதாது, குளிருக்கு வெட்கம் கிடையாது. ஒரு அளவு பெரிய அந்தச் சப்பாத்தோடுதான் துருக்கிக்குள் நடந்தான், இஸ்தான்புல்லில் அதோடுதான் தபால் கந்தோருக்குப் போனான், அக்காவுக்கு எழுதினான், பாலண்ணையை எல்லையில் பிடித்துவிட்டார்கள், உயிரோடு கொண்டுபோனதை என் கண்ணால் கண்டேன். இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்காக அந்த மனுசி செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எத்தனை கடிதம் போட்டிருப்பார், பிறகு ஜெர்மனிக்குப் போய் அங்கே எத்தனை கந்தோர் ஏறியிருப்பார், நாலு வருசத்துக்கு முன் மகள் லோஜினியோடு லண்டனுக்கு மாறி வந்து, ஹை ஸ்ட்ரீட்டில் இவனைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதாரே, நெடுநேரம் கையை விடவில்லை, தெருவே பார்த்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த தீபாவளிக்குச் சொல்லியிருக்கலாம். பலகாரத்தைத் தின்றுவிட்டு வந்தான்.

படலை கிறீச்சிட்டது. கனகாம்பிகை அக்கா மகளின் பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனியை உழக்கி உழக்கி வந்தார், கறுப்புக் கோட்டு, கம்பளித் தொப்பிக்குக் கீழே சிவப்புப் பொட்டு, நடந்த களைப்பில் தாலிக்கொடி கோட்டுக்கு வெளியே வந்து கிடந்தது. உள்ளே வந்து தேத்தண்ணி குடியுங்கோ என்றான், வேண்டாம் என்றார். நடுவில் கம்பளம், அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் தடியோடு இவன்.

“லோஜினிக்கு வைகாசியில கலியாணம், தம்பி. மாப்பிள்ளையின்ர தாய் கேக்கிறா, பொம்பிளையின்ர தாய் மணவறையில நிப்பாவோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?”

இவன் கம்பளத்தைப் பார்த்தான். முதுகுப்பக்கம் முழுக்க முடிச்சுத்தான், பூவும் இல்லை கொடியும் இல்லை.

“எனக்கு ஒரு நாள் வேணும். நாள் இருந்தால் திவசம் குடுப்பன், பொட்டை எடுப்பன், பிள்ளையின்ர கலியாணத்தைப் பின்னால நிண்டு பாப்பன். இல்லையெண்டால் முன்னால நிப்பன். ரெண்டுக்கும் நடுவில இனி நிக்க ஏலாது. ஆள் இருக்கிறாரோ, தம்பி?”

அந்த வாய் மூடவேண்டும், அது மட்டும்தான் தோன்றியது, இன்னொரு சொல் அந்த வாயிலிருந்து வரக்கூடாது, லொறிக்கு வெளியே இன்னும் சிப்பாய்கள் நிற்பதுபோல் உடம்பெல்லாம் விறைத்தது, தடி விழுந்த சத்தம் கேட்டது, எப்போது கம்பளத்தைத் தாண்டினான் என்று தெரியாது, பார்த்தால் வலக்கை அவருடைய முகத்துக்கு நேரே உயர்ந்து விரிந்து நிற்கிறது. கடவுளே, யாருடைய கை இது. அக்கா பின்வாங்கவில்லை. கத்தவும் இல்லை. அவனுடைய கண்ணைப் பார்க்காமல் அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது தானாகவே கீழே வரும்வரைக்கும்.

“தைப்பூசம்,” என்றான் தேவராசா. “விடியப்புறம்.”

அக்காவின் உதடு மட்டும் அசைந்தது, எண்ணுகிறார்.

“வாற ஞாயிறு.”

“ஓம்.”

“நல்ல குளிரோ அண்டைக்கு?”

“நல்ல குளிர், அக்கா.”

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அடுத்த கேள்விக்காக அவன் காத்து நின்றான், எப்படி என்று கேட்கவேண்டுமே, யார் என்று கேட்கவேண்டுமே, ஏன் எழுதினாய் என்று கேட்கவேண்டுமே, கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், அக்கா குனிந்து பனியில் கிடந்த தடியை எடுத்தபோது அடிக்கப்போகிறார் என்றே நினைத்தான், முதுகு தானாக வளைந்தது, லொறிக்காரனுக்கு வளைந்த அதே முதுகு, அடியுங்கோ, அடியுங்கோ... அவர் தடியை அவனுடைய கையில் வைத்தார், தழும்பின்மேல் படும்படி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுக்கிவிட்டார், நொந்தது.

“வேலையைப் பாரும். பனி இளகுது,” என்றார். படலைக்குப் போகும் வழியில் தாலிக்கொடியை எடுத்துக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

கம்பளம். மறந்தே போனான். பாய்ந்து ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான், ஈரம் ஏறிப் பிணம்போலக் கனத்தது, இரண்டு கையாலும் இழுத்துப் புரட்டினான், பூவும் கொடியும் பளிச்சென்று மேலே வந்தன, கீழே பனியில் கம்பளத்தின் அளவுக்குக் கருஞ்சாம்பலாக ஒரு தடம், எத்தனை வீட்டு அழுக்கோ, அதன் ஓரத்தில் அந்தக் கெட்ட சாயம் இளகிக் கைநீளத்துக்குச் சிவப்பாக ஓடியிருந்தது. ரஹீம் ஏசுவான். ஏசட்டும். தேவராசா மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தான், பிறை, அதன் நடுவே ஒரு பல் பதியாத இடம், ஒரு பல்லளவு இடைவெளி... ஹை ஸ்ட்ரீட்டில் அக்கா கையைப் பிடித்து அழுதபோது அவருடைய பெருவிரல் அந்தப் பிறையின்மேல் மெல்ல மெல்லப் போனதே, நடுவில் அந்த இடைவெளியில் வந்து நின்றதே, நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றதே, அழுகை என்றல்லவா நினைத்தான். ஈஸ்ட் ஹாம் முழுக்கக் கேட்டது, கை என்னடாப்பா என்று. கனகாம்பிகை அக்கா ஒருத்தர்தான் இந்த நாலு வருசத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.