நாற்பத்தொன்றாம் மனை காலி

...காலியாம், நாற்பத்தொன்றாம் மனை காலியாம், இரண்டே எழுத்து, அந்த இரண்டு எழுத்துக்குள்ளே என் அக்காவின் இரண்டு அறை, ஒரு சமையலறை, மிதித்து மிதித்துப் பலகை தேய்ந்த தையல் மெஷின், கொடியில் தொங்கும் பதினெட்டுப் பள்ளிச் சீருடைகள், அத்தனையையும் மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள், சரி, அக்காவை எங்கே மடித்து வைத்தார்கள் என்று கேட்கத்தான் நகராட்சி மண்டபத்தின் இந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம், அவள் இதோ என் பக்கத்தில்தான் இருக்கிறாள், நாற்காலியைத் தாராளமாகவே நிரப்பிக்கொண்டு, மடியில் துணிப்பை, பைக்குள் மனு, மனுவுக்கு மூன்று நகல், எங்கள் சீட்டு இருபத்துமூன்று, இப்போது ஓடுவது பதினாலு... தெரு முட்டுச் சந்து, குப்பை லாரி உள்ளே வந்தால் பின்னோக்கியே வெளியே போகவேண்டியிருக்கிறது, அதனால் பொதுநலன் கருதி தெருக்கோடியில் லாரி திரும்ப ஒரு வளைவும் குப்பை பிரிக்க ஒரு கொட்டகையும் போடுவதாகத் தீர்மானம், பொதுநலன் கருதி, இந்தக் கருதுகிற ஆட்கள் யார், எங்கே உட்கார்ந்து கருதுகிறார்கள், ஒரு நாளாவது எங்கள் தெருவுக்கு வந்து நின்று கருதியிருக்கிறார்களா, போன வருஷம் இதே தெருவைக் குழாய்க்கென்று தோண்டினார்கள், மூடினார்கள், மூடின மறுவாரம் கம்பிக்கென்று தோண்டினார்கள், அப்போதும் கருதித்தான் தோண்டியிருப்பார்கள்.

அக்காவுக்கு அறிவிப்புகூட வரவில்லை, காலி மனைக்கு யார் தபால் அனுப்புவார்கள், பக்கத்து மனைக்காரன் என்று எனக்குத்தான் வந்தது, ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று, கூடவே ஒரு படம், படத்தில் நாற்பத்தொன்றின்மேல் நெருக்கமாகச் சாய்கோடுகள், சாய்கோடு என்றால் காலி, அதைப் பார்த்த நாளிலிருந்து அக்கா சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சுதான், "எந்தக் கண்ணு தெரியாதவன்டா இதை வரைஞ்சான், அவன் கை விளங்குமா," நானும் விடவில்லை, ஆமாம்கா, சோத்தைத்தான் தின்கிறானா வேறு எதையாவதா என்று கூடச் சேர்ந்து திட்டினேன், ஒருநாள் அக்கா திட்டி முடித்தபிறகும் நான் திட்டிக்கொண்டே இருந்தேன், "போதும்டா, பாவம், அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும்" என்றாள், இருக்கிறது, இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு அக்காதான் பாவாடை தைத்துக் கொடுக்கிறாள்... இடது கைக்காரன் போடும் சாய்கோடு இடது பக்கம் சாயும், இந்த நகராட்சியில் படம் வரைகிற ஆட்கள் மூன்று பேர், அதில் இடது கைக்காரன் நான் ஒருத்தன்தான்.

மூன்று வாரமாயிற்று, சொல்லவில்லை, எப்படிச் சொல்வது, சாதம் போடும்போதா, போட்டு முடித்தபிறகா, முதலில் எப்படி நடந்தது என்று சொல்லவேண்டும், அதைச் சொல்ல ஆரம்பித்தால் என் புத்திசாலித்தனத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அதுதான் பெரிய வெட்கம்... முன்பெல்லாம் படம் வரைய நேரில் போவோம், டேப்பைப் பிடித்துக்கொண்டு, நாய் துரத்த, தாகம் எடுக்க, ஒரு வார்டை முடிக்க இரண்டு மாதம், நான்தான் கண்டுபிடித்தேன், எதற்கு அலையவேண்டும், வீட்டுக்கு வீடு எண் போட்ட குப்பைத் தொட்டி கொடுத்திருக்கிறோம், தொட்டி எண் இருந்தால் ஆள் இருக்கிறார், எண் இல்லையென்றால் ஆள் இல்லை, குப்பை போடாத மனுஷன் உண்டா, கணினியைப் பார்க்கிற பெண் மனை எண்களை வரிசையாக வாசிப்பாள், "இருக்கு, இருக்கு, இல்ல, இருக்கு," இல்லை என்று வந்த இடத்தில் நான் சாய்கோடு இழுப்பேன், டீ வருவதற்குள் இருநூற்றைம்பது மனை, அப்போது இருந்த ஆணையர் முதுகில் தட்டினார், பாராட்டுக் கடிதம் கொடுத்தார், அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், அக்காதான் துடைக்கிறாள். அவள் ஏன் தொட்டி வாங்கவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன், ஒத்தை ஆள் குப்பை என்னக்கா பெரிய குப்பை, ரெண்டு நூல்கண்டு அட்டை, நாலு துணி வெட்டு, என் வீட்டுத் தொட்டியிலேயே போடு, உனக்கு எதுக்கு விண்ணப்பம், வரிசை, கையெழுத்து... தம்பி எவ்வளவு அக்கறை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவளை என் தொட்டிக்குள்ளே ஒளித்து வைத்திருக்கிறேன். சரி, படம் வரையும்போதாவது தெரியவேண்டாமா, அதெப்படித் தெரியாமல் போகும் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன், படத்தில் தெருப்பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது, மனை எண்தான், என் வீட்டின் மனை எண் எனக்கே அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரியும், "நாப்பது இருக்கு, நாப்பத்தொண்ணு இல்ல," கோடு, கோடு, கோடு, அன்றைக்கு டீயோடு வடை... இல்லை, வடை இல்லை, பிஸ்கட், அதுகூட நினைவிருக்கிறது, கோடு போட்டது நினைவில்லை.

பதினேழு. ஒரு பெரியவர் தன் வாசலில் சாக்கடை மூடி இல்லை என்கிறார், இது ஆட்சேபணை கேட்கிற கூட்டம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, மேடையில் தலைவர் அம்மா தலையாட்டிக்கொண்டே கைப்பேசி பார்க்கிறார், அவருக்குப் பக்கத்தில் மரத் தாங்கியில் மாட்டிய பெரிய படம், என் படம், ஆறடிக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள், சாய்கோடுகள் கொசுவலை மாதிரி தெரிகின்றன, அதற்குப் பக்கத்தில் எங்கள் பொறியாளர், எஃகு ஸ்கேலால்தான் எதையும் சுட்டிக் காட்டுவார், டீ கேட்பதென்றாலும், அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஸ்கேல். நான் வயிற்று வலி என்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், ஸ்கேல் என்னைப் பார்த்தார், வேலையாக வந்திருக்கிறேன் என்று நினைத்துத் திருப்தியாகத் தலையசைத்தார், நானும் அசைத்தேன், நிஜமாகவே வயிறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. படத்தின் மூலையில் முத்திரை, 'நேரில் பார்வையிட்டு வரையப்பட்டது', அது ரப்பர் முத்திரை, எல்லாப் படத்திலும் விழும், அதை யாரும் பொய்யென்று நினைப்பதில்லை, தேதி மாதிரி ஒன்று என்று நினைப்போம், இதை எழுந்து நின்று சொன்னால் என்ன ஆகும், மொத்தம் முப்பத்தொரு மனைக்குச் சாய்கோடு போட்டிருக்கிறேன், அத்தனையும் பொய்யாகும், படம் செல்லாது, படம் செல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது, என் வேலை... போகாது, முழுசாகப் போகாது, விசாரணை வரும், மேசையை ஆவண அறைக்குப் பக்கத்தில் போடுவார்கள், அங்கே மின்விசிறி கிடையாது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன், நேற்றே முடிவு செய்தாயிற்று, குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், ஐயா, அம்மா, அந்தப் படத்தை வரைந்தவன் நான், நான் நேரில் போகவில்லை, அங்கே என் அக்கா இருக்கிறாள்... குளியலறையில் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் எதிரொலியோடு, வெளியே வந்தால் மனைவி துண்டோடு நின்றுகொண்டு, "யாரோட பேசுறீங்க" என்றாள்.

மனுவை எழுதினதும் நான்தான், 'சம்பந்தப்பட்ட அலுவலரின் மன்னிக்க முடியாத அலட்சியத்தால்' என்று ஒரு வரி, மன்னிக்க முடியாத என்பதை அடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டாள், அந்த வரிக்கு மட்டும், "இன்னும் கொஞ்சம் காரமா இருக்கலாம்" என்றாள்.

இருபத்துமூன்று. அக்கா எழுந்தாள், புடவையை நீவிக்கொண்டாள், எனக்கு முன்னால் போனாள், மனுவை மேசையில் வைத்தாள், ஆனால் அதிலிருந்து ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

"காலின்னு போட்டிருக்கீங்க. நான் அங்கதான் இருக்கேன்."

"எத்தனை வருஷமா இருக்கீங்கம்மா?" தலைவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"பன்னெண்டு."

"மேடம், இது நேரில் போய்ப் பார்த்து வரைஞ்ச படம்," ஸ்கேல் முத்திரையைத் தட்டிக் காட்டினார்.

"வந்தவரு என்னைப் பாக்கலையா சார்? நான் என்ன அவ்வளவு ஒல்லியாவா இருக்கேன்?"

மண்டபம் சிரித்தது, தலைவரும் சிரித்தார், ஸ்கேல் மட்டும் சிரிக்கவில்லை, "உங்க தொட்டி எண் என்னம்மா" என்று கேட்டார், தொட்டி இல்லை, தம்பி வீட்டுத் தொட்டியில் போடுகிறேன் என்று அக்கா சொன்னாள், "அப்ப பதிவுல நீங்க இல்லதானே," "என் குப்பைதான் சார் பதிவுல இல்ல, நான் இருக்கேன்," இப்போது, இப்போதுதான், என் முட்டி இரண்டும் தானாக நிமிர்ந்துவிட்டன, எழுந்து நின்றுவிட்டேன், வாய்கூடத் திறந்துவிட்டது, "மேடம், அந்தப் படத்தை..."

"உட்காருங்க சார், ஒரு சீட்டுக்கு ஒருத்தர்தான் பேசலாம்," என்றார் தலைவர்.

உட்கார்ந்தேன். எவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்தேன், நிற்பதற்குத்தான் மூன்று வாரம் ஆயிற்று, உட்கார ஒரு நொடி ஆகவில்லை. தலைவர் அம்மா ஸ்கேலிடம் திரும்பி, "இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு, இவங்களுக்கு இன்னிக்கே ஒரு தொட்டி எண் குடுத்துடுங்க, நாப்பத்தொண்ணு வேண்டாம், பக்கத்துல வேற காலி மனை இல்லையா" என்றார், ஸ்கேல் படத்தின்மேல் குனிந்தார், எஃகு ஸ்கேல் எங்கள் தெருவின் முட்டுச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று, ஒரு சாய்கோட்டில் நின்றது, "நாப்பத்தாறு இருக்கு மேடம், சுவரை இடிச்சா லாரிக்கு இன்னும் வசதி," "சரி, அதை எடுத்துக்குங்க, எழுதிக்குங்க," எழுதிக்கொண்டார்கள். மொத்தமே நாலு நிமிஷம் இருக்கும், என் அக்காவின் இரண்டு அறையும் மெஷினும் பதினெட்டுச் சீருடையும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன, நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை, மின்விசிறி எனக்கே, பாராட்டுக் கடிதம் சுவரிலேயே, வயிற்று வலிகூட... நின்றுவிட்டது. காலையிலிருந்து, இல்லை, மூன்று வாரமாக எனக்குள்ளே கொதித்துக்கொண்டிருந்ததே, அந்தத் தீர்மானத்தின்மேல், கருதுகிறவர்கள்மேல், நேரில் வராதவர்கள்மேல், அதைத் தேடிப் பார்க்கிறேன், சட்டைப்பையில் சாவியைத் தேடுகிற மாதிரி, இல்லை. வடிந்துவிட்டது. இவ்வளவுதானா?

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், நாற்காலி முனகியது, துணிப்பையை மடித்து இடுக்கிக்கொண்டாள், அவள் முகத்தில் மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த ஒரு குறும்பு, "பாத்தியா, மனுவே தேவைப்படல," என்றாள், என் கையைத் தட்டினாள், இடது கையை, பிறகு மேடையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்காமலே, "அந்த நாப்பத்தாறுல யாருடா இருக்காங்க" என்று கேட்டாள்.

"யாருமில்லக்கா. காலி."

யோசிக்காமல் வந்துவிட்டது, யாரோ வாசிக்க நான் இழுத்த கோடு மாதிரி, அவ்வளவு சுலபமாக.

"நீ போய்ப் பாத்தியா?"

இருபத்துநாலு என்று கூப்பிட்டார்கள், முன்வரிசையில் யாரோ எழுந்து போனார்கள், நான் அந்தச் சுவரை நினைத்துப் பார்க்கிறேன், எங்கள் பக்கம் அது வெறும் சுவர், பாசி பிடித்தது, அதற்கு அந்தப் பக்கம் எது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை, காலையில் பல் தேய்க்கும்போது சில நாள் அங்கிருந்து இருமல் கேட்கும், ஆம்பளை இருமலா பொம்பளை இருமலா என்று தெரியாது, ஒருதடவை ஒரு சின்னச் சட்டை, நீலத்தில், காற்றில் பறந்து சுவரின் மேலே விழுந்து கிடந்தது, மறுநாள் பார்த்தேன், அது இல்லை, காற்று எடுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அல்லது யாராவது... ஸ்கேல் படத்தைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார், இல்லை, இன்னும் சீட்டுகள் இருக்கின்றனவே, நேராக்கித்தான் மாட்டுகிறார், அக்கா இப்போது படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.