உள்ளே இருப்பதைத் தொடாது

மம்மி பிளஸ் ஒன்னுக்கு வரலாறு எடுக்கிறார். பரீட்சைக் கேள்விகளைக் கையால் எழுதித் தருவார், நான் டைப் செய்வேன். அதே பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றுவிட்ட எனக்கு வீட்டில் இருக்கும் ஒரே உருப்படியான வேலை இதுதான். ஒரு தாளை டைப் செய்து முடித்ததும் மம்மி அதை வாங்கிக் கிழித்துவிடுவார். கேள்வி வெளியே போய்விடக்கூடாது. இருபது வருடப் பழக்கம்.

கம்ப்யூட்டர் பழசு. அது திறப்பதற்குள் சோறு வடித்துவிடலாம். சனிக்கிழமை மாமா மகன் கிளிஃபர்ட் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பென்டிரைவோடு வந்தான்.

“இன்னா டீனா, இன்னும் இத்த வெச்சிக்கினு மாரடிக்கிறியா? இதுல விண்டோஸ் மாதிரி புது லினக்ஸ் கீது. பென்டிரைவ்லயே ஓடும். நாலு நாள் ஓட்டிப் பாரு. புடிச்சா உள்ள போட்டுக்கலாம்.”

“மம்மியோட ஃபைல் எல்லாம்?”

“உள்ள கீறத எதயும் தொடாது. ட்ரையல்தான?”

ஞாயிறு காலையிலிருந்து அதில்தான் டைப் செய்தேன். வேகமாக இருந்தது. தமிழ் எழுத்து உடையவில்லை. மொத்தம் முப்பத்தெட்டு கேள்விகள். சேமித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் சேமித்தேன். மம்மி கடைசித் தாளையும் கிழித்து மீன் செதிலோடு குப்பையில் போட்டார். திங்கள் காலை கேள்வித்தாளைப் பள்ளியில் கொடுத்தாக வேண்டும்.

மாதா கோயில் மாலைப் பூசைக்குக் கிளம்பும்போது அப்பா வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்தார். முப்பது வருடம் மின்சார வேலை பார்த்தவர். ஆளில்லாத வீட்டில் கரண்ட் ஓடினால் அவருக்குப் பூசையில் மனம் நிற்காது.

திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். முதல் நாள் வந்த அதே திரை. ஃபோல்டர் காலி. பக்கத்து அறையில் மம்மி கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கிளிஃபர்டுக்கு போன் செய்தேன்.

“ஐயோ, ஆஃப் பண்ணா அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுடி! ட்ரையல்னு சொன்னேன்ல?”

“எதையும் தொடாதுன்னு சொன்ன.”

“அதான், தொடல.”

மம்மி வந்து திரையைப் பார்த்தார். திட்டக்கூடத் தெம்பில்லாதவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார். “இது ஒண்ணுதான உங்கிட்ட குடுத்தேன், டீனா.”

“நான் மெயினத்தான அணைச்சேன்?” என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழையதையே போட்டேன். அது திறக்கும்வரை மம்மி வெற்றுத்தாளில் ஒன்று, இரண்டு என எண் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு கேள்விக்கு மேல் நினைவு வரவில்லை.

“ஏழாவது, சோழர்களோட குடவோலை முறை,” என்றேன். “எட்டு, ஊர்ச்சபையோட வேலைகள்.”

மம்மி நிமிர்ந்தார். “உனக்கெப்படி…”

டைப் செய்யும்போது ஒவ்வொரு கேள்விக்கும் மனதுக்குள் பதில் எழுதிப் பார்ப்பேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

மம்மி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, “ஒம்பது?” என்று கேட்டார்.