இறுகிப்போன ஸ்டீரிங்

எட்டு வருடங்களுக்கு முன் மலேசியாவின் குளுவாங்கில் ஹேமநாதனின் ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்டு நின்றேன். "பொம்பளப் புள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு? போய் தேத்தண்ணி கலக்கு லா" என்று சிரித்தார். வண்டி எடுக்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்று பக்கத்து ஊரான ரெங்கத்தில், என் சொந்த ஒர்க்‌ஷாப் வாசலில் அவருடைய பழைய வேன் வந்து நின்றது. சிக்னல் சுவிட்ச் உடைந்திருந்தது. அதை மாற்ற ஸ்டீரிங்கைக் கழற்ற வேண்டும். அதுவோ துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "நீ விடு. ஸ்பேனரை மட்டும் கொடு." ஆள் வைத்தே பிழைத்து, ஆள் கிடைக்காமல் ஒர்க்‌ஷாப்பை மூடிய முதலாளி, தன் கையால் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை.

கொடுத்தேன். "அண்ணே, நட்டை லூஸ் மட்டும் பண்ணுங்க, முழுசா எடுத்துடாதீங்க. எடுத்துட்டு இழுத்தா ஸ்டீரிங் சட்டுன்னு வந்து மூஞ்சில அடிக்கும்."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" அதே சிரிப்பு. நட்டை முழுதாகக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.

மடாரென்று கழன்று வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் கொட்டியது.

"சொன்னேன்ல அண்ணே. உட்காருங்க, தேத்தண்ணி கலக்கித் தர்றேன்" என்று ஒரு கிரீஸ் துணியை நீட்டினேன்.

நான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னேன்.